இறங்கிய பிறகு சொல்லலாம்

பறந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானப்படையில் இருபத்தொன்பது ஆண்டுகள் சரக்கு விமானம் ஓட்டினேன். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வூதியத்துக்கான காலம் முடிந்ததுமே தனியார் விமான நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. எழுபது தாண்டிய பிறகும் காரைக்கால் கடைத்தெருவில் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி, அப்போதே வெளியே வந்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருக்கலாமே என்று ஆரம்பிப்பார். இங்கேயே நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

இன்னும் சிலர் பிரான்சை விட்டுவிட்டேன் என்பார்கள். அதற்கும் வருத்தமில்லை. என் வருத்தம் இரண்டு நாட்களைப் பற்றியது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பம் காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் நெல் விளைவித்த குடும்பம். என் மனைவியின் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாதிரி வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். எங்கள் வயலை ஒட்டி அவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவும் அவரும் வரப்பில் நின்று பேசிப் பேசியே சம்பந்தம் முடிவாகிவிட்டது. அவருக்குச் சீருடை போட்ட மாப்பிள்ளை பிடித்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் நான் வேலையை விட்டுவிட்டுப் பெண்ணின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு பாரிசுக்குப் போய்விடுவேன் என்று அவர் தானாகவே நினைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்தா வீட்டில் பெண் எடுத்த எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

விமானப்படையில் வேறு ஒரு விதி இருந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பெண்ணை ஓர் அதிகாரி மணக்க வேண்டுமானால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமானால், பெண் தன் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதித்தர வேண்டும். அதற்கு மனம் இல்லாவிட்டால் அதிகாரி வேலையை விட வேண்டும். நான் வேலையை விடமாட்டேன் என்றேன். மாமனார் முகம் விழுந்துவிட்டது. மாமியார் அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசவில்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்பார்.

சம்பந்தமே நின்றுபோகும் நிலை வந்தபோது அவள்தான் பேசினாள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். அவள் அம்மா, போட்டால் போட்டதுதான், நாளைக்கு அழுதாலும் திரும்பி வராது என்று எச்சரித்தார். அவள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பிரான்சுல எனக்கு யாரைம்மா தெரியும்? இவரை வரப்புல ஒக்காந்து வேர்க்கடல தின்ன காலத்துலேர்ந்து தெரியும்."

ஊர் சும்மா இருக்குமா. என் பெரியப்பா மகன் பந்தலில் வைத்தே சொன்னான்: "ஊரே பொண்ணைக் கட்டிக்கிட்டு பாரிசுக்குப் போவுது. இவன் பாரிசையே கட்டிக்கிட்டு பட்டாளத்துக்குப் போறான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

வடகிழக்கில் மலையடிவாரத் தளம் ஒன்றில் எங்கள் குடித்தனம் தொடங்கியது. மலை மேல் சாலை போகாத காவல் நிலைகளுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், சில நாட்களில் உயிருள்ள ஆடுகள் வரை பாராசூட்டில் போடுவது எங்கள் வேலை. விடியுமுன் எழ வேண்டும். வானிலை அறையில் மேகம் எந்தப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். பிறகு மருத்துவர் நாடி பிடிப்பார், தூங்கினாயா என்று கேட்பார். பத்து மணிக்கெல்லாம் மேகம் மேலே ஏறிவிடும், அதற்குள் இரண்டு முறை போய்வர வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் நுழைந்தால், திரும்ப இடம் இருக்கிறதா என்பதை நுழையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உள்ளே போய் யோசித்தவர்கள் சிலர் திரும்பவில்லை. அவர்கள் வீடுகளுக்குப் போய் வாசலில் நின்றிருக்கிறேன்.

அந்த வாழ்க்கைக்கு அவள் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். உயரத்தில் வயிறு உப்பும் என்பதால் பறக்கும் நாட்களில் மொச்சையும் கிழங்கும் வீட்டுக்குள் வராது. கடல் மீன் கிடைக்காத ஊரில் கருவாட்டை வறுத்தால் பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரர் ஜன்னலை மூடுவார் என்பதால் அவர் பறக்கும் நேரம் பார்த்து வறுப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்த மனைவிகளுக்கு எங்கள் பிளைட் கமாண்டரின் மனைவி தேநீர் கொடுத்து முதலில் சொல்லித்தருவது அதைத்தான். மறுநாள் பறக்கப்போகிறவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. சண்டை போடக்கூடாது. ஊரிலிருந்து தந்தி வந்தாலும் கையில் வைத்துக்கொள், இறங்கிய பிறகு சொல்லலாம். மனது உடைந்தவன் பள்ளத்தாக்கில் ஒரு நொடி தாமதிப்பான், அவனோடு இன்னும் நான்கு பேர் போவார்கள். நல்ல வழக்கம். என் மாமனார் இறந்த செய்தியை அவள் ஒரு காலை முழுவதும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்கு முட்டை பொரித்துப் போட்டு அனுப்பினாள். நான் இறங்கி வந்து காலணியைக் கழற்றிய பிறகுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இறந்தது அவளுடைய அப்பா.

மாமனார் போன பிறகு மாமியாரை மைத்துனன் பாரிசுக்கு அழைத்துக்கொண்டு போனான். அவன் அவளுடைய ஒரே தம்பி, அங்கே மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அதனால் எங்கள் மகள் பிறந்தபோது தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. படை மருத்துவமனையில் பிறந்தாள். பாட்டி பேத்தியைப் பார்க்கவில்லை. கடிதத்தில் புகைப்படம் மட்டும் போயிற்று.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது எங்கள் தளத்துக்குத் தேர்வுக் குழு வந்தது. விமானிகளைப் பறக்க வைத்துப் பார்த்துத் தரம் கொடுப்பவர்கள். எப்போதாவதுதான் வருவார்கள், வந்தால் மூன்று நாள்தான் இருப்பார்கள். அதில் மேல்தரம் வாங்கினால் பயிற்றுநர் ஆகலாம், பிறகு ஒரு படைப்பிரிவுக்கே தலைமை ஏற்கலாம். விட்டால் இன்னொரு ஆண்டு, ஒருவேளை இரண்டு ஆண்டு. அதற்குள் எனக்கு இளையவர்கள் முந்திவிடுவார்கள். என் பெயர் மூன்றாம் நாள் காலை பட்டியலில் இருந்தது.

முதல் நாள் காலை ஒன்பதரைக்கு எங்கள் படைப்பிரிவு அலுவலகத்துக்குப் பாரிசிலிருந்து தொலைபேசி வந்தது. வீட்டில் தொலைபேசி கிடையாது, அவசரம் என்றால் அலுவலகத்துக்குத்தான் வரும். மைத்துனன் பேசினான். அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு, ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நினைவு இருக்கிறது, பேசுகிறார், ஆனால் டாக்டர் நாட்களைத்தான் சொல்கிறார் என்றான். அக்காவை வரச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் பேசவாவது சொல்லுங்கள், கட்டில் பக்கத்திலேயே போன் இருக்கிறது என்றான். சொல்கிறேன் என்றேன்.

நான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். சொல்லவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் அழைத்தான். அக்கா எங்கே என்றான். அலுவலகத்துக்கு வர வண்டி கிடைக்கவில்லை, நாளைக்கு அழைத்து வருகிறேன் என்றேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளில் ஆறு நிமிடம்.

மூன்றாம் நாள் காலை பறந்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சுத்தமான பறத்தல் கிடையாது. தேர்வாளர் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு என்ன செய்வாய் என்று பார்த்தார், மீதி எஞ்சினை வைத்தே விமானத்தை நேராகப் பிடித்தேன். இறங்கினேன். தரம் கிடைத்துவிட்டது என்று கைகுலுக்கினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய், பாரிசிலிருந்து இப்போதுதான் போன் வந்தது என்று அவளிடம் சொன்னேன்.

வெளிநாட்டுக்குப் பேச ஜீப்பில் டவுன் எக்ஸ்சேஞ்சுக்கு அழைத்துப் போனேன். இணைப்புக் கிடைக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மாமியாருக்கு நினைவு போய்விட்டது. அம்மா விழுந்து மூன்று நாளாகிறது என்று தம்பி சொன்னது மட்டும் இரைச்சலில் அவளுக்குக் கேட்டது, உடனே லைன் அறுந்துவிட்டது. மறுநாள் இறந்துவிட்டார்.

இரண்டு நாளால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். பிரெஞ்சு பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாகிவிட்டது, இந்தியக் காகிதங்கள் இன்னும் முடியவில்லை, முதல் நாளே சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்க முடியாது என்பது என் முதல் வாதம். அது உண்மைதான். அவள் பேசியிருக்கலாம் என்பதும் உண்மை. வீட்டில் அழுகை இருந்தால் நான் பறப்பது ஆபத்து, இன்னும் நான்கு பேர் உயிர் என்பது இரண்டாவது வாதம். அதுவும் உண்மைதான். அப்படியானால் பிளைட் கமாண்டரிடம் போய் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், அவர் மறுபேச்சு இல்லாமல் எடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குத் தரம் வேண்டியிருந்தது. பாதுகாப்பு என்பது நான் பின்னால் தேடிக்கொண்ட காரணம். அந்த வழக்கம் பறக்கிறவனைக் காக்க வந்தது. பறக்காதவளிடமிருந்து அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா தெரியாது. தம்பி வேண்டுமென்றேதான் தாமதமாகச் சொன்னான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குடியுரிமையை விட்டபோது அவனும் அம்மாவோடு சேர்ந்து கோபப்பட்டவன். அந்தக் கோபத்தை இப்படித் தீர்த்துக்கொண்டான் என்று நம்பினாள். அவனுக்குத் திட்டிக் கடிதம் எழுதினாள். அவன் குழம்பிப்போய் எனக்கு அலுவலக முகவரிக்கு எழுதினான். நான் அவனை அழைத்து உண்மையைச் சொன்னேன். அக்காவுக்குத் தெரிந்தால் என் வீடு உடைந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"சரி அத்தான். நான்தான் லேட்டா சொன்னேன்னே இருக்கட்டும்."

அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. அவன் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவன் காரைக்காலுக்கு வரும்போது வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவான். எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவான். நான் பயிற்றுநர் ஆனேன், தலைமை ஏற்றேன், ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டினேன். அவன் எதையும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு அவன் மகளுக்குக் கல்யாணம். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஆனால் தாலி காரைக்காலில்தான் கட்ட வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்தாளாம். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு மைத்துனன் தன் மனைவியோடு வந்தான். நலங்குக்கு அத்தைதான் முதலில் சந்தனம் பூச வேண்டும், நீதான் அவளுக்கு ஒரே அத்தை என்றான். என் மனைவி தட்டை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, பார்க்கலாம் என்றாள். காபி கொடுத்தாளே தவிர தான் உட்காரவில்லை.

புறப்படும்போது அவன் வாசலில் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கால் தேய்ந்துவிட்டதாம். அவன் மனைவி குனிந்து மாட்டிவிட்டாள். கண்ணாடி போட்டிருந்தான், தலை முழுக்க நரை. என்னால் பழி சுமந்த இருபத்துமூன்று வயதுக்காரன் கிழவனாகி என் வாசலில் நிற்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த நலங்குக்கு அவள் போகவில்லை என்றால் இனி அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

மறுநாள் காலை அவள் சமையலறையில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அதன் நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னேன். முதல் நாள் போன், இரண்டாம் நாள் போன், தம்பியிடம் கெஞ்சியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. மீதி இருந்த மீன்களையும் ஆய்ந்து, மூன்று தண்ணீர் கழுவி, மஞ்சள் போட்டுப் பிசறி மூடி வைத்தாள். கையை எலுமிச்சையால் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் திரும்பினாள்.

"மொத நாளு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஒம்போதரை."

"அன்னிக்கு மத்தியானம் என்ன சாப்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"எனக்கு இருக்கு. ரசம் நல்லாருக்குன்னு சொன்னீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒருநாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல, அன்னிக்குச் சொன்னீங்க. டெஸ்டுக்கு முன்னால மனுசன் எவ்ளோ நல்லா இருக்காருன்னு நான் சந்தோசப்பட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். வந்தது தவறாகத்தான் வந்தது. பறந்ததற்கு நான் வருத்தப்பட மாட்டேன், அது வேறு, உன்னைக் கையெழுத்துப் போட வைத்ததும், இதை மறைத்ததும்தான் என்று ஏதோ பிரித்துப் பிரித்துச் சொல்லத் தொடங்கினேன்.

"பறந்ததப் பத்தி இப்ப யாரு கேட்டா? கையெழுத்து நான் போட்டது. என்னை யாரும் போட வைக்கல. அதையும் நீங்க செஞ்சதா தூக்கி வச்சிக்காதீங்க. உங்களுக்கு உள்ளது ரெண்டு நாளு. அத மட்டும் வச்சிக்கங்க."

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல்லை அவள் காதிலேயே வாங்கவில்லை. "சட்டைய மாத்துங்க" என்றாள்.

ஸ்கூட்டரில் போனோம். வழக்கமாக என் தோளில் கை வைப்பவள் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரைச் சாலைப் பக்கம் அவன் எடுத்திருந்த வீட்டில் கூடம் முழுக்கப் பத்திரிகைக் கட்டுகளும் புடவைப் பெட்டிகளுமாகக் கிடந்தன. மைத்துனன், அவன் மனைவி, கல்யாணப் பெண் மூவரும் இருந்தார்கள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் மைத்துனன் எழுந்துவிட்டான். உட்காருங்கள் என்றான். அவள் உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை.

"என்கிட்ட சொன்னத இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. மைத்துனன் மனைவிக்கு இத்தனை வருடம் ஒன்றுமே தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். என் குரல் நின்றதும் அவன் கையை ஆட்டினான்.

"விடுக்கா. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

"ஒனக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு இன்னிக்குத்தான் வந்துருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ ஏண்டா சொல்லல? நான் அவ்ளோ திட்டி எழுதினேனே."

"அத்தான் கேட்டுக்கிட்டாரு. நீ அங்க தனியா இருந்தே, கைக்குழந்தையோட. நீ யாரு மேலயாவது கோவப்படணும்னா தூரத்துல இருக்கிற என் மேலயே இருக்கட்டும்னு நெனைச்சேன்."

அவள் அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையிலேயே கையை ஓங்கினாள். அந்தக் கை அவன் தோளில் போய் விழுந்து, அங்கேயே இருந்தது.

"அந்த ரெண்டு நாள்ல அம்மா என்ன சொன்னாங்க?"

மைத்துனன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, பேச்சு குழறித்தான் வந்தது என்றான். அவள் விடவில்லை. சொல்லு என்றாள்.

"புள்ளைக்குப் பல்லு மொளைச்சிடுச்சான்னு கேட்டாங்க. ரெண்டு நாளும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அக்கா போன் பண்ணும், கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவனே இப்போது கேட்டது போல, நிதானமாகப் பதில் சொன்னாள்.

"கீழ ரெண்டு வந்துடுச்சு. மேல ஒண்ணு அப்பத்தான் வெள்ளையா தெரிஞ்சுது. கைய வச்சா கடிக்கும்."

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கல்யாணப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு வேகம் முழுதும் பிடிபடவில்லை. அத்தையின் முழங்கையைத் தொட்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். தன் அம்மா இறந்த பிறகு என் மனைவி அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். அவள் புடவைப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பிரெஞ்சிலேயே வெகுநேரம் பேசினாள். இடையில் இரண்டு முறை என் பக்கம் கை நீட்டினாள். எனக்கு அந்த மொழி தெரியாது. அவள் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். என்ன சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.